மௌலவியும் மெளலவியும்: விரலால் வாசிக்கும் தமிழை யார் சரிபார்ப்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மௌலவி என்ற சொல்லை நமது பள்ளிவாசல் அறிவித்தல்களில் அடிக்கடி பார்க்கிறோம். கௌரவ என்ற சொல் இல்லாமல் ஒரு பரிசளிப்பு விழா அழைப்பிதழே கிடையாது. இந்தச் சொற்களைக் கணினியிலும் போனிலும் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். ஒன்று, ம என்ற எழுத்துக்குப் பிறகு ஔகாரக் குறியை ஒரே குறியாகப் போடுவது: மௌலவி. மற்றது, மெ என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் ள என்ற தனி எழுத்தை வைப்பது: மெளலவி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் நம்மில் பெரும்பாலானோர் எது விரலுக்கு எட்டுகிறதோ அதை அடித்துவிட்டுப் போகிறோம்.

கண்ணால் வாசிக்காத ஒருவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. பிரெயில் புள்ளிகளாக எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முதலாவதில் மௌ என்பது இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் மெள என்பது மூன்று கட்டங்கள். அந்தப் பிள்ளையின் விரலுக்குக் கிடைப்பது மௌலவி அல்ல, மெ-ள-ல-வி.

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பார்வையற்ற ஒருவரிடம் தமிழைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள்கள் எல்லாமே இப்படிப்பட்ட சின்ன விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. அவற்றை எழுதியவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம். அவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பதிவு அந்தச் சரிபார்த்தலின் வரலாறு பற்றியது.

முதலில் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு பிரான்ஸில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நடந்த விபத்தினால் பார்வையை இழந்தார். சார்ள்ஸ் பார்பியே என்பவர் அமைத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறையை அவர் படித்துப் பார்த்தார். ஒரு விரல் நுனிக்கு அது பெரிது என்று கண்டு ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். அப்போது 1824ஆம் ஆண்டு, அவருக்கு வயது பதினைந்து. அதை நூலாக வெளியிட்டது 1829இல். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பார்வையுள்ளவர் செய்து கொடுத்த முறையைப் பார்வையற்ற ஒருவர் தன் விரலால் சோதித்து, இது சரிவராது என்று சொல்லித் திருத்தினார். பிரெயிலின் பிறப்பே ஒரு சரிபார்த்தல்தான்.

ஆறு புள்ளி முறை ஆசியாவுக்கு வந்தபோது ஆளுக்கொரு முறை உருவானது. சுதந்திரம் கிடைத்த நேரத்தில் இந்தியாவில் மட்டும் பதினொரு விதமான பிரெயில் முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒரு முறையில் படித்தவர் இன்னொரு முறையில் அச்சான புத்தகத்தை வாசிக்க முடியாது. யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியோடு இதற்குத் தீர்வு தேடினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் கிளுதா மெக்கென்சி. அவர் 1915இல் கலிபோலிப் போரில் பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரர். 1951ஆம் ஆண்டளவில் பாரதி பிரெயில் என்ற ஒரே பொது முறை முடிவானது. பின்னர் இலங்கையும் அதையே ஏற்றுக்கொண்டது. இன்று யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒரு பிள்ளை ஒரே புள்ளிகளில் தமிழ் படிப்பது அதனால்தான்.

அந்த முறையில் தமிழ் எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். அம்மா என்று கணினியில் தட்டும்போது ஐந்து குறிகள் பதிவாகின்றன: அ, ம, புள்ளி, ம, ஆகாரக் கால். பிரெயிலிலும் ஐந்து கட்டங்கள்தான். ஆனால் வரிசை வேறு. முதல் கட்டம் அ, அதற்கு 1ஆம் புள்ளி. இரண்டாவது கட்டத்தில் 4ஆம் புள்ளி மட்டும் வரும், இதுதான் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய அடையாளம். மூன்றாவது ம, அதற்கு 1, 3, 4. நான்காவது மறுபடி ம. ஐந்தாவது ஆ, அதற்கு 3, 4, 5. அச்சில் ம எழுதியபின் அதன் தலையில் புள்ளி வைக்கிறோம். பிரெயிலில் புள்ளியின் அடையாளம் முன்னால் வந்து, ம அதற்குப் பின்னால் வருகிறது. ஆகவே கணினி ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் தமிழ் பிழைத்துவிடும். எதை முன்னே கொண்டுவர வேண்டும், எதைப் பின்னே விட வேண்டும் என்று யாராவது அதற்கு விதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

நமது நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலைக் கல்வி, மேரி செப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி 1912இல் தொடங்கிய பாடசாலையோடு ஆரம்பமாகிறது. இன்று அது இரத்மலானையில் இருக்கிறது. வடக்கில் கைதடியில் நவீல்ட் பாடசாலையும் சுன்னாகத்தில் வாழ்வகமும் இருக்கின்றன. பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ ஒரு லயன் அறையில் பிறந்த பிள்ளைக்கு இவை எல்லாமே தூரம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு எப்போதும் பிந்தித்தான் வந்து சேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். பார்வையுள்ள பிள்ளைக்கே இவ்வளவு தாமதம் என்றால் பார்வையில்லாத பிள்ளையின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் போனிலும் கணினியிலும் தமிழை வாசித்துக்காட்டும் மென்பொருள் நமது மலைகளுக்கு வேறெங்கையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆசிரியர் எட்டாத இடத்துக்கு அது எட்டும்.

கணினிக்கு முன்பும் சரிபார்த்தல் இருந்தது. பிரெயில் அச்சகங்களில் பிழை திருத்துவதற்கு இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பார்வையற்றவர். புள்ளிகளை விரலால் தடவி உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வருவார். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். எழுதியவரே தன் எழுத்தைத் திருத்துவது போதாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் மனம் வாசிக்கும். இன்னொருவர் வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். 1995இல் பார்வையற்ற சில நிரலாளர்கள் லினக்ஸ் கணினியின் திரையைப் பிரெயில் கருவியில் காட்டுவதற்காக பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். அதில் எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் ஒரு பகுதி இருந்தது. ஜோன் பொயர் என்ற அமெரிக்கர் அந்தப் பகுதியை அடிப்படையாக வைத்து 2002இல் தனியான ஒன்றை எழுதத் தொடங்கினார். அவருக்குப் பார்வையும் இல்லை, செவிப்புலனும் இல்லை. தான் எழுதியதற்கு லூயி பிரெயிலின் நினைவாக லிப்லூயி என்று பெயர் வந்தது.

லிப்லூயி என்பது நேரடியாகத் திறந்து பாவிக்கும் மென்பொருள் அல்ல. அது ஒரு நிரலகம், அதாவது கணினிக்காரர்கள் லைப்ரரி என்று சொல்வது. தோட்டத்தில் ஒரு பீலித் தண்ணீரைப் பல லயன்கள் பாவிப்பதுபோல, ஒரு நிரலகத்தைப் பல மென்பொருள்கள் பாவிக்கும். விண்டோஸ் கணினியில் திரையை வாசிக்கும் மென்பொருள்களும், லினக்ஸில் இருப்பவையும், நமது போன்களில் பிரெயில் காட்டும் வசதிகளும் லிப்லூயியை எடுத்துப் பயன்படுத்துகின்றன. இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தமிழுக்கான ஒரு விதியை அங்கே திருத்தினால் உலகம் முழுவதும் தமிழ் வாசிக்கும் விரல்களுக்கு அது போய்ச் சேரும். ஒரு விதியைக் கெடுத்தாலும் அப்படியே போய்ச் சேரும்.

காதால் வாசிப்பவர்களுக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. 2006இல் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்ற இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைத் தொடங்கினார்கள். இருவரும் பார்வையற்றவர்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மென்பொருளுக்குச் சில நூறு டொலர் முதல் ஆயிரம் டொலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. என்விடிஏ இலவசம். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அதோடு சேர்ந்து வரும் ஈஸ்பீக் என்ற குரல் ஒலிப்பான் ஜொனதன் டடிங்டன் என்பவர் ஆரம்பித்தது. தமிழை எப்படி ஒலிப்பது என்ற விதிகளும், விதிக்கு அடங்காத சொற்களுக்கான பட்டியலும் அதில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன.

தமிழுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதை நமது ஊர்ப் பெயரை வைத்தே சொல்லலாம். தமிழில் சொல்லின் முதலில் வரும் ப வல்லினமாக ஒலிக்கும்: பால், பள்ளி, படிப்பு. இயந்திரத்துக்கும் அதே விதியைத்தான் எழுதுவார்கள். ஆனால் பதுளை, பண்டாரவளை, பஸ் என்பவற்றை நாம் அப்படியா சொல்கிறோம்? நமது வாயில் அந்தப் ப மென்மையாக வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. இதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஊர் தெரிந்த ஒருவர் தேவை.

இந்த விதிகள் சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பரிசோதனை வருகிறது. கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துப் பாருங்கள். தராசு சரிதானா என்று பார்க்க யாரும் கொழுந்தை வைத்துப் பார்ப்பதில்லை. கொழுந்தின் நிறை யாருக்குத் தெரியும்? அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் அதிகாரி வந்தால், நிறை தெரிந்த ஒரு நியம எடைக்கல்லை வைப்பார். பத்துக் கிலோ கல்லுக்கு முள் பத்தில் நிற்க வேண்டும். ஒன்பதரையில் நின்றால் தராசு பிழை.

லிப்லூயியில் இருக்கும் பரிசோதனைகளும் இப்படிப்பட்ட எடைக்கற்கள்தான். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்குரிய சரியான பிரெயில். அம்மா என்று கொடுத்தால் நான் மேலே சொன்ன அந்த ஐந்து கட்டங்கள் வர வேண்டும். வந்தால் தேர்ச்சி, வராவிட்டால் தோல்வி. பிரெயிலில் இருந்து எழுத்துக்குத் திரும்பி வருவதையும் இப்படியே சோதிக்கலாம். ஒரு மாணவி பிரெயில் விசைகளில் எழுதும் விடையை ஆசிரியர் சாதாரண எழுத்தில் வாசிக்க வேண்டுமென்றால் அந்த வழியும் சரியாக இருக்க வேண்டும். யாராவது எங்கேயாவது ஒரு விதியை மாற்றினால், கணினி இந்தக் கற்கள் அத்தனையையும் மறுபடி வைத்துப் பார்க்கும். நேற்று சரியாக இருந்தது இன்று கெட்டுப்போனால் உடனே சிவப்பு விளக்கு எரியும்.

அடுத்தது மீளாய்வு. ஒருவர் அனுப்பும் மாற்றத்தை இன்னொருவர் வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்பது. ஐபிஎம் நிறுவனத்தில் மைக்கேல் பேகன் என்பவர் இதை ஒரு ஒழுங்கான முறையாக வகுத்து 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். அன்று தாளில் அச்சிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். இன்று இணையத்தில், நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்த வரிக்குக் கீழே தன் கேள்வியை எழுதலாம். கேள்விக்குப் பதில் வந்து, பரிசோதனைகளும் தேறினால்தான் மாற்றம் சேர்க்கப்படும். பிரெயில் அச்சகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து செய்த வேலைதான் இது.

மீளாய்வு செய்பவருக்கு என்ன வேலை என்பதற்கு மெளலவியையே உதாரணமாக எடுப்போம். ஒரு நல்ல மனிதர் இப்படி ஒரு திருத்தத்தை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஒற்றைக் கொம்புக்கும் உயிர்மெய்க்கும் பின்னால் ள வந்தால் அதை ஔகாரமாகவே எடுத்துக்கொள். அதற்குப் பரிசோதனையாக மெளலவி, கெளரவ, மெளனம் என்று மூன்று சொற்களையும் கொடுக்கிறார். மூன்றும் தேறுகின்றன. பச்சை விளக்கு எரிகிறது. பிழையாகத் தட்டச்சு செய்தவர்களின் பிழை எல்லாம் தானாகத் திருந்திவிட்டது. சேர்த்துவிடலாமா?

தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் ஒரேயொரு கேள்வி கேட்பார்: வெள்ளிக்கிழமை என்னவாகும்? அதிலும் கொம்புக்குப் பின்னால் ள வருகிறது. தெளிவு, வெளி, வெள்ளம் எல்லாம் அந்த விதியில் சிக்கி உடையும். ஒரு வாரத்தின் ஜும்ஆ நாளையே விரலுக்கு எட்டாமல் செய்துவிடும் திருத்தம் அது. சரி, ள தனியாக, புள்ளியோ வேறு குறியோ இல்லாமல் வந்தால் மட்டும் மாற்று என்று அவர் விதியைச் சுருக்குகிறார். இப்போது வெள்ளிக்கிழமை தப்பிவிட்டது. ஆனால் கதைகளிலும் வட்ஸ்அப்பிலும் பேச்சு வழக்கில் வெளக்குமாறு என்றும் வெளயாட்டு என்றும் எழுதுகிறார்களே, அவை? மறுபடி உடைகின்றன. கடைசியில், விதியைத் தொடாமல், எழுதுபவர்கள் சரியான குறியைப் போடுவதுதான் வழி என்ற முடிவுக்குக்கூட அவர்கள் வரலாம். எந்த முடிவாக இருந்தாலும் அதற்கு வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்த ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இதுபோல இன்னும் பல உண்டு. கொ என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றினாலும் பதிவு செய்யலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாலும் பதிவு செய்யலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆகவே கொழுந்து, கொழும்பு என்ற சொற்களை இரண்டு விதமாகவும் கொடுத்து ஒரே பிரெயில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஸ்ரீ லங்கா என்பதில் வரும் ஸ்ரீயும் அப்படித்தான். முன்பு அது ஸ என்ற எழுத்தில் தொடங்கிப் பதிவானது. 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்டபின் அதில் தொடங்கியும் பதிவாகிறது. திரையில் ஒரே வடிவம், உள்ளே இரண்டு வேறு குறிகள். நாட்டின் பெயரையே இரண்டு கற்களாக வைத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

லிப்லூயியில் எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு சொல் இன்னும் சரியாக வரவில்லை, உடனே திருத்தவும் முடியவில்லை என்றால் அந்தப் பரிசோதனையை அழித்துவிடுவதில்லை. இது தோற்கும் என்று தெரியும் என ஒரு அடையாளத்தைப் போட்டு அங்கேயே விட்டுவைப்பார்கள். குறை கணக்கில் இருக்கும். பிறகு வருகிற ஒருவர் அதை எடுத்துத் திருத்துவார். பாடசாலைப் பதிவேடுகளிலும் நாம் இப்படி நடந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வலப்பக்கம் எழுதியிருக்கும் விடையோடு வந்த விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க இயந்திரம் போதும். ஆனால் வலப்பக்கம் எழுதியிருக்கும் அந்த விடை சரிதானா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. எடைக்கல்லே குறைந்த கல் என்றால் தராசைக் குறை சொல்லி என்ன பயன்? லிப்லூயியைப் பராமரிப்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் அக்கறையுள்ள மனிதர்கள். நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைக்கும் மௌலவிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களால் பார்க்க முடியாது. அந்தக் கல்லை வைக்க வேண்டியவர்கள் தமிழ் வாசிக்கிறவர்கள். அதிலும் முதல் உரிமை, தமிழைப் பிரெயிலில் வாசிக்கிறவர்களுக்கு.

நம் பக்கத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. அதற்கு எந்த நிரலகமும் மருந்து தர முடியாது. அதுதான் பாமினி எழுத்துரு. நமது வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்களும் பல வருடங்களாகப் பாமினியில்தான் தயாராகின்றன. பாமினியில் அம்மா என்று அடித்தால் திரையில் அம்மா என்று தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். திரைவாசிப்பானுக்கு வேடம் தெரியாது. அது உள்ளதை உள்ளபடி வாசிக்கும். பார்வையற்ற மாணவரின் காதில் ஒரு வினாத்தாள் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக விழும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் கணினித் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 என்ற நியமத்தை வெளியிட்டது. ஆகவே பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க இன்று பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

சிலர் கேட்கலாம், நமது ஊரில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள் என்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு இயலாமை இருந்தது. அதில் அதிகமானோருக்கு இருந்தது பார்வைக் குறைபாடு. முழுமையாகப் பார்வை இழந்தவர்களை மட்டும் நினைக்க வேண்டாம். சீனி வருத்தத்தால் கண் மங்கிய வாப்பாவும், கண்ணில் வெண்புரை படர்ந்த பாட்டியும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய செய்தியை போன் வாசித்துக்காட்டினால் அவர்களும் கேட்பார்கள். ஒரு நாள் நமக்கும் அது தேவைப்படும்.

சட்டமும் நமது பக்கம் இருக்கிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. அது தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் பதுளை என்ற சொல்லை இயந்திரம் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்கிறேன். கணினிப் படிப்புப் படித்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

முதலாவது, இனிமேல் அடிக்கும் வினாத்தாளையும் அறிவித்தலையும் யூனிகோடில் அடியுங்கள். ஔகாரத்தை அதற்குரிய குறியால் அடியுங்கள். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாமல் அதே விபரத்தை எழுத்திலும் கீழே போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து எல்லாத் திரைவாசிப்பானுக்கும் எட்டாது.

இரண்டாவது, சொற்கள். ஒரு நல்ல பரிசோதனைக் கோப்புக்குத் தேவை நிரல் அறிவல்ல, அந்த மொழியை வாழ்ந்த அறிவு. கொழுந்து, பிரட்டுக்களம், கங்காணி, லயன், நமுனுகுல, ஹப்புத்தளை, ஹாலிஎல. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தராவீஹ், ஃபாத்திமா, ரிஸ்வான், ஜம்இய்யா. ஹ, ஜ, ஸ, ஷ, ஃ எல்லாம் நெருக்கமாக வரும் நமது பெயர்கள் எந்த இயந்திரத்தையும் திணறடிக்கக்கூடியவை. வேறு ஊர்க்காரர் உட்கார்ந்து பட்டியல் எழுதினால் இவை ஒன்றும் அதில் வராது. வராத சொல்லை யாரும் சோதிப்பதில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களைக் கோப்பாக்கி அனுப்பலாம். பெரிய நிரல் எழுதத் தெரியாத பிள்ளையும் செய்யக்கூடிய வேலை இது. மற்றவர் எழுதியதை மரியாதையோடு கேள்வி கேட்கவும், தன்னுடையதைக் கேள்வி கேட்டால் கோபிக்காமல் இருக்கவும் அந்தப் பிள்ளை இதில் பழகிக்கொள்ளும்.

மூன்றாவது, கடைசிச் சொல் யாருடையது என்பதில் தெளிவாக இருங்கள். பிரெயில் தெரிந்த, திரைவாசிப்பான் பாவிக்கிற ஒருவர் வாசித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது சரியல்ல. அவர்களுக்காக நாம் செய்து கொடுக்கிறோம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். லூயி பிரெயிலும் ஜோன் பொயரும் மைக்கேல் கரனும் யாருடைய தர்மத்துக்கும் காத்திருக்கவில்லை. செய்தவர்களும் அவர்கள்தான், சோதித்தவர்களும் அவர்கள்தான். நமது பங்கு, அவர்கள் கேட்கும் சொல்லைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தத்தை ஏற்பது.

உங்கள் ஊரில், உங்கள் தோட்டத்தில், உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் பத்துச் சொற்களைக் கீழே எழுதுங்கள். ஊரின் பெயர், மலையின் பெயர், டிவிசனின் பெயர், பிள்ளையின் செல்லப் பெயர் எதுவும் சரி. யூனிகோடில் எழுதுங்கள். திரைவாசிப்பான் பாவிக்கும் நண்பர்கள் இந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தால், எந்தச் சொல் பிழையாக ஒலித்தது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் எனக்கு முதலில் வேண்டும்.